தேன்பாறைக்குக் கீழே போட்ட மேசை

ட்ரோன் தடுப்புப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிறவர்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். கேட்டவருக்கு என் வாயைப் பற்றித் தெரியாது போலிருக்கிறது. நாலு வார்த்தையில் நிறுத்துகிற ஆள் நான் இல்லை. ஒரு டீயை வாங்கி வைத்துக்கொண்டு படியுங்கள்.

கருவிகளைப் பற்றி என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். அலைவரிசை, ஆன்டெனா, ஜாமர் எல்லாவற்றையும் வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். அதில் என்னைவிட உங்களுக்குத்தான் விஷயம் தெரியும். நான் மலையடிவாரத்துச் சோளக்காட்டு விவசாயி மகன். சப்-இன்ஸ்பெக்டராக இருந்து, கடைசிச் சில வருடம் கொல்லிமலையில் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன். மலை ஏறியபோது ட்ரோனைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. மேலே பறப்பதைக் கீழே இறக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த நினைப்பு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மலைக்கு வருவதற்கு முன்னால், கீழ்நாட்டில் ஒரு தேர்த்திருவிழா பந்தோபஸ்து. அனுமதி இல்லாமல் ஒரு ட்ரோன் தேருக்கு மேலே வட்டமடித்தது. சோளக்காட்டில் கிளி விரட்டி வளர்ந்த கை இது. பக்கத்தில் பொம்மைக் கடையில் கிடந்த உண்டிவில்லை எடுத்தேன், ஒரே கல், பூக்கடைத் தார்ப்பாய் மேல் வந்து விழுந்தது. கூட்டம் கைதட்டியது பாருங்கள், அப்படியொரு கைதட்டல். அந்தத் தார்ப்பாய்க்கு அடியில் பூக்காரம்மாள் குழந்தையைத் தூங்க வைத்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. கைதட்டல்தான் காதில் நின்றது.

அந்த மிதப்போடுதான் கொல்லிமலைக்கு வந்தேன்.

வாசலூர்பட்டி ஏரியில் புதுப் படகுகளைத் தொடங்கி வைக்க ஒரு பெரிய வி.ஐ.பி. வருவதாக இருந்தது. தை மாதம், காலை பத்தரை மணி நிகழ்ச்சி. அன்றைக்கு ஏரியைச் சுற்றி எந்த ட்ரோனும் பறக்கக் கூடாது என்று உத்தரவு. ஏன் இவ்வளவு பயம் என்று கேட்பீர்கள். கேமரா மட்டும் இருந்தால் திட்டிவிட்டு விட்டுவிடலாம். வயிற்றில் எதையாவது கட்டிக்கொண்டு வந்தால், அது என்னவென்று கீழே நிற்பவனுக்குத் தெரியாது. தெரியாத ஒன்று கூட்டத்தின் தலைக்கு மேல் நிற்கிறது, அதுதான் சங்கடம்.

ஏரிக்கரைக்கு நான் பொறுப்பு. முதல் நாளே போய் இடம் பார்த்தேன். எடப்புளி நாடு என்று எங்கள் மலையில் சொல்கிற ஊராட்சிப் பக்கத்துச் சிற்றூர் மக்கள் ஒற்றையடிப் பாதையில் நடந்து வருவார்கள். ஏரிக்கு வந்து சேரும் முன்னால் அந்தப் பாதை ஒரு செங்குத்துப் பாறைக்கு அடியில் போகிறது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் சரிவு. ஒருவர் பின் ஒருவராகத்தான் வர முடியும். சோதனை போட இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? மேசையை இங்கே போடு, ஒவ்வொருவராகப் பையைப் பார்த்து அனுப்பு என்று சொன்னேன். போலீஸ்காரன் புத்தி ஒடுக்கமான இடத்தைப் பார்த்தால் குளிர்ந்துபோகும்.

அங்கேதான் அந்தப் பெண் காவலர் வாய் திறந்தார். அவருக்கு முப்பது வயதிருக்கும். திண்ணனூர் நாட்டில் பிறந்து, எடப்புளிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் போன் போட்டுத் திட்டுவார்.

“ஐயா, மேசைய இங்க போட வேண்டாங்க. மேல பாருங்க.”

பார்த்தேன். பாறையின் முகத்தில், மூன்று பனை உயரத்தில், கறுப்பாகத் தேனடைகள் தொங்கின. ஒவ்வொன்றும் முறம் அகலம். மலைத்தேனீ.

“இந்த எடத்துல எங்க சனம் நிக்காதுங்க. பேசக்கூடப் பேசாது. பொம்பளைங்க தலையில பூ வெச்சிருந்தா எடுத்து மடியில முடிஞ்சுக்குவாங்க. சத்தமில்லாமத் தாண்டிப் போயிருவாங்க. நீங்க இங்க வரிசை கட்டி நிக்க வெக்கறீங்க.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஏம்மா, தேனீகிட்டயா அடையாள அட்டை கேக்கப் போறேன்? அது பாட்டுக்கு அது இருக்கும், நாம பாட்டுக்கு நாம இருப்போம்.” கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “சரிங்கய்யா” என்று மட்டும் சொன்னார். அந்த “சரிங்கய்யா”வை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகம் சுடுகிறது.

மறுநாள் காலை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. மாநகரத்திலிருந்து ஜாமரோடு ஓர் இளம் சப்-இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். பார்க்கத் துப்பாக்கி மாதிரி இருக்கும் அந்தக் கருவி. தங்கமான பையன், மரியாதையாகப் பேசுவார். படகுத்துறையில் பள்ளிப் பிள்ளைகளின் பேண்டு வாத்தியக் குழு வரிசையாக நின்றது. ஏரிக்கு அக்கரையில், பாறைக்கு அடியில், சோதனை மேசைக்கு முன்னால் இருநூறு பேர் இருக்கலாம், போலீஸே நிறுத்தி வைத்த தைரியத்தில் பெண்கள் பூவைக்கூட எடுக்காமல், குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். வயர்லெஸ் மைக்கில் வளைவுக் கணக்கு வந்துகொண்டிருந்தது. எங்கள் மலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு. வி.ஐ.பி. எத்தனையாவது வளைவில் வருகிறார் என்பதுதான் எங்களுக்குக் கடிகாரம்.

முப்பத்தைந்தாவது வளைவு என்று சொன்ன நேரத்தில், பாறையைச் சுற்றிக்கொண்டு அது வந்தது. சாம்பல் நிற ட்ரோன். அடியில் கறுப்பாக ஒரு பொட்டலம். நேராகப் படகுத்துறைக்கு வந்து, வாத்தியப் பிள்ளைகளின் தலைக்கு மேல் நின்றுவிட்டது.

ஜாமர் தோளுக்கு ஏறியது. “ஒரு வார்த்தை சொல்லுங்க சார். சிக்னலை அறுத்துடறேன்.”

எனக்குத் தேர்த்திருவிழாக் கைதட்டல் காதில் கேட்டது. வாயைத் திறந்துவிட்டேன்.

“ஐயா, வேண்டாங்க!”

அந்தப் பெண் காவலர்தான். என் கையைப் பிடித்தே விட்டார். பிடித்ததை உணர்ந்ததும் விட்டுவிட்டு, மூச்சுவிடாமல் சொன்னார்.

“சிக்னல் அறுந்தா கெளம்புன எடத்துக்கே நேர்கோட்டுல திரும்பிப் போயிரும்னு நம்ம வகுப்புல சொன்னாங்கல்லங்க? வாரப்ப அது பாறையச் சுத்தி வந்துச்சுங்க. போறப்ப யாரு சுத்தி ஓட்டுவா? நேராப் போயித் தேனடையிலதான் அடிக்கும். அடியில சனம் நிக்குதுங்கய்யா.”

நானும் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். வடை நன்றாக இருந்தது என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஜாமர்க்காரரைப் பார்த்தேன். அவர் ஜாமரைத் தோளிலிருந்து இறக்கினார். “அவங்க சொல்றது சரி சார். அதுக்கு வழி தெரியாமப் பண்ணி இறக்கலாம், ஆனா காத்து எந்தப் பக்கம் தள்ளும்னு சொல்ல முடியாது. கீழ பசங்க நிக்கிறாங்க. அந்தப் பொட்டலத்துல என்ன இருக்குன்னு தெரியல.” ஒரு நொடி கழித்து இன்னொன்றும் சொன்னார். “நாம ஒண்ணும் பண்ணலன்னாலும், பேட்டரி கொறஞ்சா அது தானாவே திரும்பிப் போகும் சார்.”

அடித்தாலும் தேனடை, அடிக்காவிட்டாலும் தேனடை. நடுவில் என் மேசை. நான் போட்ட மேசை இல்லையென்றால் அந்தப் பாறைக்கு அடியில் அந்த நேரத்தில் ஒரு குஞ்சும் நின்றிருக்காது.

“என்னதாம்மா பண்ணச் சொல்ற?”

“ஓட்டறவன் யாருன்னு பாக்கணும்ங்க. அவன்தான் சுத்தி ஓட்டிட்டுப் போக முடியும், இல்லீன்னா வேற பக்கம் எறக்க முடியும்.”

ஓட்டுகிறவன் எங்கே? அதைக் கண்டுபிடிக்கத்தான் கருவி கொண்டுவந்திருந்தோம். மலை மடிப்பிலும் பாறையிலும் அலை முட்டித் திரும்பி, அந்தக் கருவி ஒரு தடவை ஏரியைக் காட்டியது, ஒரு தடவை எங்கள் ஜீப்பையே காட்டியது. அந்தப் பெண் காவலர் கருவியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கரை ஓரத்துத் தோட்டத்துக்கு ஓடினார். தை மாதம் என்று சொன்னேன் அல்லவா, மிளகு பறிக்கிற காலம். சில்வர் ஓக் மரங்களில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து, உச்சியில் ஆட்கள் பறித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏனுங்க மாமா! அந்தப் பறக்கறது எங்கிருந்து கெளம்புச்சுன்னு பாத்தீங்களா?”

உச்சியிலிருந்து பதில் வந்தது. “வாரப்பத்தான் கண்ணு பாத்தேன். இரு, மேக்காலத் தோட்டத்துல கேக்கறேன்.”

அவர் ஒரு கூவல் விட்டார். அடுத்த தோட்டத்து மரத்திலிருந்து ஒரு கூவல். அதற்கப்பால் ஒன்று. பாறையைத் தாண்டி, மலை மடிப்பைத் தாண்டி, என் காதுக்கு எட்டாத தூரத்துக்கு அது போய்விட்டது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே, கூவல் திரும்பி வந்தது.

“கண்ணு! பலாமரத்துத் திருப்பத்துல வெள்ள வேன் நிக்குதாம். ரெண்டு பேரு. தாடிக்காரன் ஒருத்தன் குனிஞ்சு கைக்குள்ள எதையோ பாத்துக்கிட்டே நிக்கிறானாம்!”

பாறைக்கு மறுபுறத்துச் சரிவு அது. எங்கள் ஆள் யாரும் பார்த்திருக்கவே முடியாது. மரத்தின் மேல் இருந்தவர்கள் காலையிலிருந்தே வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். நாங்கள் யாரும் அவர்களைக் கேட்கவில்லை. அட, கேட்கத் தோன்றவே இல்லை! சபாஷ் என்று கத்த வேண்டும் போல இருந்தது.

ஜீப்பை அனுப்பினேன். அந்தப் பெண் காவலர் அதற்குள் பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு ஏரிக்கரையைச் சுற்றிப் பாறைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார். நான் வாத்தியக் குழுவின் ஆசிரியரிடம் போய், சிரித்த முகத்தோடு, “பசங்களுக்கு அந்தப் பக்கம் பிஸ்கட் குடுக்கறாங்க சார், கூட்டிட்டுப் போங்க” என்றேன். பிஸ்கட் என்றால் பிள்ளைகள் நிற்பார்களா? படகுத்துறை காலியானது. அன்றைக்கு நானாக யோசித்துச் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

மைக்கில் மேலதிகாரி. “ஐம்பத்தி ரெண்டாவது வளைவு. ட்ரோன் இன்னும் மேலயே நிக்குதாமே? ஏன்யா இறக்கல?”

“ஆளைப் புடிக்கப் போயிருக்காங்க சார். அதுவரைக்கும் அடிக்க வேண்டாம்.”

“ஏதாவது ஆச்சுன்னா உன் தலைதான்.”

“என் தலைதாங்க சார்.”

பைனாகுலரை எடுத்து அக்கரையைப் பார்த்தேன். அடுத்து நான் பார்த்ததை உங்களில் ஒவ்வொருவரும் பார்த்திருக்க வேண்டும்.

இருநூறு பேரைக் கலைக்க நாம் என்ன செய்வோம்? விசில் ஊதுவோம், லத்தியைத் தட்டுவோம், “போ, போ” என்று கத்துவோம். அவர் சரிவின் விளிம்போடு எல்லாரையும் தாண்டி வரிசையின் கடைசிக்குப் போனார். ஒரு விரலை வாயில் வைத்தார். மறு கையால் பாறையின் மேலே காட்டினார், பிறகு வந்த வழியைக் காட்டினார். அவ்வளவுதான். கடைசியில் நின்ற கிழவர் மேலே பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார். அடுத்தவர் திரும்பினார். பெண்கள் தலைப்பூவை உருவி மடியில் முடிந்துகொண்டார்கள். ஒருத்தி அழுகிற குழந்தையை மாராப்புக்குள் இழுத்துக்கொண்டாள். இருநூறு பேர் நடக்கிறார்கள், ஒரு செருப்புச் சத்தம் இல்லை. செருப்பையெல்லாம் கையில் எடுத்திருந்தார்கள்.

மேசையருகே நின்ற நம் காவலர், கீழ்நாட்டுக்காரர், வரிசை கலைவதைப் பார்த்து விசிலை வாயில் வைத்தார். அதற்குள் ஆட்களை அனுப்பிக்கொண்டே முன்னால் வந்துவிட்டிருந்த அந்த அம்மா பாய்ந்து போய் அதை அவர் வாயிலிருந்து பிடுங்கினார்.

அந்த வரிசையின் முதல் ஆளாக, மேசையை ஒட்டி, ரிப்பன் கட்டிய ஒரு சிறுமி தன் அப்பாயி கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அது அவருடைய மகள். எனக்கு அப்போது தெரியாது. அம்மாவைப் பார்த்ததும் அந்தப் பிள்ளை கையை நீட்டியிருக்கிறாள். பாதை ஒடுக்கம், முன்னால் மேசை அடைத்துக்கொண்டு நின்றது, அதை இழுத்தால் சத்தம். முன்னால் நிற்பவர்களை முதலில் இழுத்தால் நெரிசல், நெரிசல் வந்தால் கூச்சல். கடைசியிலிருந்துதான் காலியாக்க முடியும். அவருக்கு அது தெரிந்திருந்தது. மகளைப் பார்த்து அதே விரலை வாயில் வைத்துக் காட்டிவிட்டு, மற்றவர்களை அனுப்பிக்கொண்டே இருந்தார். அவர் மகள் கடைசியாகத்தான் போக முடியும்.

அப்போது ட்ரோன் நகர்ந்தது.

“பேட்டரி சார்,” என்றார் ஜாமர்க்காரர். “திரும்புது.”

அவசரமில்லாமல், ஏரிக்கு மேலே, பாறையின் முகத்தை நோக்கி நேராகப் போனது. பாறைக்கு அடியில் இன்னும் நாற்பது பேர் இருந்தார்கள். மைக்கை அமுக்கிக் கத்தினேன். “ஜீப்! எங்க இருக்கே?”

“ஆளப் புடிச்சாச்சு சார்! ரிமோட்டப் புடுங்கிட்டேன்! ரெண்டு அறை விட்டாச்சு!”

எங்கள் ஜீப் ஓட்டுநர். நல்ல மனுஷன், கைதான் முன்னால் போகும்.

“அடேய், ரிமோட்டை அவன் கையிலயே குடு! அடிக்காத! ட்ரோனை நிறுத்தச் சொல்லு, பாறைப் பக்கம் போகாம ஏரிக்கரைப் புல்வெளிக்குத் திருப்பச் சொல்லு!”

ஓட்டுநர் மைக்கைத் திறந்தே வைத்திருந்தார். எல்லாம் கேட்டது. தாடிக்காரனுக்கு அழுகை முட்டுகிறது. “கை நடுங்குதுங்க சார், பட்டன் தெரியலீங்க.” ட்ரோன் பாதி ஏரியைத் தாண்டிவிட்டது. நான் குரலை இறக்கினேன். அந்த அம்மா ஒரு சத்தமும் இல்லாமல் இருநூறு பேரை நகர்த்துவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே எப்படிக் கத்துவது?

“அவனுக்கு ஒரு வாய் தண்ணி குடுப்பா. சாமி, உன்னை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. மெதுவாப் பாரு. நீ மட்டும்தான் அதை நிறுத்த முடியும்.”

தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. ட்ரோன் தேனடைக்கு இருபதடி தூரத்தில், காற்றில் அப்படியே நின்றது. அடையின் மேல் கறுப்பாக ஓர் அலை ஓடியது. பைனாகுலரில் பார்த்தேன், தேனீக்கள் ஒரே நேரத்தில் சிலிர்த்துக்கொண்டன. அடியில் அந்த அம்மா மகளையும் மாமியாரையும் தனக்கு முன்னால் விட்டு, முதுகைப் பாறைக்குக் காட்டி, ஓடாமல் நடந்தார். ட்ரோன் மெல்லத் திரும்பி, தண்ணீருக்கு மேலேயே வந்து, காலிப் புல்வெளியில் உட்கார்ந்தது.

அறுபத்தி எட்டாவது வளைவு என்றது மைக்.

பொட்டலத்தில் என்ன இருந்தது என்று கேட்கிறீர்களா? ரோஜா இதழ்! வி.ஐ.பி. இறங்கும்போது தலையில் தூவுவதற்கு. மேடை போட்டவர், எல்லாரையும் அசத்தலாம் என்று, போலீஸிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஏற்பாடு செய்திருக்கிறார். தாடிக்காரன் கல்யாணப் படம் எடுப்பவன், பாவம், அனுமதி வாங்கியாயிற்று என்று அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். வி.ஐ.பி. வந்தார், கொடியசைத்தார், படகில் ஒரு சுற்று வந்தார், போய்விட்டார். அவருக்கு ஒன்றுமே தெரியாது.

சாயங்காலம் விசில்காரக் காவலர்தான், அந்த ரிப்பன் கட்டிய பிள்ளையைப் பற்றி என்னிடம் சொன்னார். ஸ்டேஷன் வாசலில் பூட்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாவிடம் போனேன்.

“ஏம்மா, உன் மக அங்க நிக்கறான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. களைப்புதான்.

“சொல்லியிருந்தா, புள்ள மேல இருக்கற பாசத்துல தடுக்கறான்னு நெனச்சிருப்பீங்கய்யா. நாஞ் சொன்னது சரியா தப்பான்னு பாத்திருக்க மாட்டீங்க.”

அவர் சொன்னபடியேதான் நடந்திருக்கும். முதல் நாள் தேனீயைப் பற்றிச் சொன்னதற்கே சிரித்தவன் நான்.

என் முப்பத்துச் சொச்சம் வருடத்தில் எத்தனையோ துணிச்சல்காரர்களைப் பார்த்திருக்கிறேன். ஓடுகிற வண்டியில் பாய்ந்தவர், கத்தியைக் கையால் பிடித்தவர். தன் பிள்ளை கை நீட்டும்போது விரலை வாயில் வைத்துக் காட்டிவிட்டு, ஊரார் பிள்ளைகளை முதலில் அனுப்பியவரை அந்த ஒரு நாள்தான் பார்த்தேன். எனக்குக் கீழே வேலை பார்த்தவர்தான். நான் வேலை கற்றுக்கொண்டது அவரிடம்தான் என்று எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அன்றைக்கே அறிக்கை எழுதினேன். சோதனை மேசையை அந்த இடத்தில் போட்டது என் தவறு, வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்ன பெண் காவலரை நான் மதிக்கவில்லை, அவர்தான் மக்களைக் காப்பாற்றினார் என்று எழுதினேன். மேலதிகாரி வாசித்துவிட்டு, “அசம்பாவிதம் எதுவும் நடக்கலையே, உன் தவறுன்னு நீயே ஏன்யா எழுதிக்கற?” என்று அந்தப் பகுதியை அடித்துவிட்டார். எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். மேசை வைத்த தவறு போனதும், மக்களுக்கு ஆபத்தே இருந்ததில்லை என்றாகிவிட்டது. ஆபத்து இல்லையென்றால் காப்பாற்றியவர் எங்கே? சூழ்நிலையை நிதானமாகக் கையாண்டதற்குப் பாராட்டுச் சான்றிதழ் என் பெயருக்கு வந்தது. திரும்ப எழுதித் தருகிறேன் என்று இரண்டு தடவை போய்க் கேட்டேன். மூன்றாவது தடவை போகவில்லை. அது என் இரண்டாவது தவறு.

அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு என் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். வருகிறவர்கள் பார்த்துப் பாராட்டுகிறார்கள். எனக்குத்தான் அந்தப் பக்கம் திரும்பப் பிடிப்பதில்லை.

உங்களிடம் நல்ல ஜாமர் இருக்கிறது, இன்னும் நல்லதாக வரும். வரட்டும். பக்கத்தில் நிற்கிறவர் “வேண்டாங்க” என்றால், விரல் பொத்தானில் இருந்தாலும், ஏன் என்று ஒரு தடவை கேளுங்கள். நான் கேட்டது இரண்டாவது நாள்தான். முதல் நாளே கேட்டிருந்தால் எழுத எனக்கு ஒன்றுமே இருந்திருக்காது.

அடித்துவிட்ட அந்த வரிகளை இங்கே திரும்ப எழுதிக்கொள்கிறேன், இதை யாரும் அடிக்க வேண்டாம். தேன்பாறைக்குக் கீழே மேசையைப் போட்டவன் நான். இருநூறு பேரை வீட்டுக்கு அனுப்பியவர் அவர்.